பனிமலைக்குப் போகிறவர் தலையில் எந்தக் கேமரா?

பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க நம் அஞ்சல் பையிலும் பனி கொட்ட ஆரம்பித்துவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போகிறோம், கொரியாவுக்குப் போகிறோம், காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகிறோம், சறுக்குவதைப் படம் எடுக்க ஹெல்மெட்டில் மாட்டும் கேமரா வேண்டும், எதை வாங்கலாம்? எட்டுக் குளிர்காலமாகப் பனிமலைக்குப் போய் வருகிறேன், கேமராவைத் தொலைத்தும் இருக்கிறேன், நல்ல படமும் எடுத்திருக்கிறேன். அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணே, வணக்கம். டிசம்பரில் கணவர், நான், இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேரும் ஹொக்கைடோவின் நிசெகோ போகிறோம். எல்லாருக்கும் இதுதான் முதல் தடவை. கணவர் 5.3கே, 8கே என்று ஏதேதோ சொல்லி விலை கூடிய கேமராவைப் பார்த்து வைத்திருக்கிறார். கைப்பேசியே போதும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? (செங்காங் வாசகி)

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. சறுக்கும்போது கைப்பேசி சரிப்படாது. கையுறையைக் கழற்றினால்தான் திரை கேட்கும், கழற்றிய கையுறையைப் பல்லில் கவ்விக்கொண்டு கோல் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுச்சரிவில் நின்றால் மேலிருந்து வருகிறவர் உங்களைத் தாண்டிப் போக இடம் தேட வேண்டியிருக்கும். மலை ஏற்றிவிடும் தொங்கு நாற்காலியான சேர்லிஃப்டில் உட்கார்ந்து எடுக்கலாம் என்று நினைப்பீர்கள். அங்கே கை நழுவினால் கைப்பேசி கீழே இடுப்பளவுப் பனிக்குள் போய்விடும், போனது போனதுதான்.

அதற்காக 8கே, அதாவது அவ்வளவு நுணுக்கமான படம், வேண்டுமா என்றால் வேண்டாம். வீட்டுத் தொலைக்காட்சி பெரும்பாலும் 4கே தான், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அதுவும் சுருங்கிவிடும். கடையில் இந்த எண்களை வைத்துத்தான் விற்பார்கள். பனிமலையில் வேறு மூன்று கேள்விகள்தான் உதவும்: கேமராவை உடம்பில் எங்கே மாட்டப் போகிறீர்கள், குளிரில் அது எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும், தடித்த கையுறை போட்ட விரலால் அதை இயக்க முடியுமா. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கேமரா என்பது தானாக வந்து நிற்கும்.

ஒன்று சொல்கிறேன், கணவரிடமும் சொல்லுங்கள். முதல் தடவை போகிறவரின் ஹெல்மெட் கேமராவில் என்ன பதிவாகும் என்றால், வெள்ளைத் தரை, காலில் மாட்டிய ஸ்கீப் பலகையின் நுனி, மூச்சு வாங்கும் சத்தம், அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று நாள் தொடக்கநிலைச் சரிவை விட்டு நகர மாட்டீர்கள். என் முதல் பயணத்தில் மூன்றரை மணி நேரம் படம் எடுத்தேன். வீட்டில் இன்றுவரை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அதில் பதினைந்து வினாடியை மட்டும்தான். மகள் விழுந்து எழுந்து, காகிள்ஸை, அதாவது பனிக்கண்ணாடியை, நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு நுனியில் பனியோடு, "அப்பா, பாத்தீங்களா" என்று கேட்கும் இடம் அது. அதனால் கேமரா யாரிடம் இருந்தாலும் அது மற்றவரைப் பார்த்திருக்கட்டும். நால்வரில் யார் முதலில் நன்றாகச் சறுக்கப் பழகுகிறாரோ அவர் மாட்டிக்கொண்டு மற்றவர் பின்னால், தள்ளி நின்று வரட்டும்.

இனிப் பெயர் சொல்லிப் பேசலாம். கோப்ரோ ஹீரோ 13 பிளாக் 2024-ல் வந்தது, எடை 159 கிராம். அதற்கு முந்திய ஹீரோ 12-ல் எடுத்துவிட்ட ஜிபிஎஸ் இதில் திரும்பி வந்திருக்கிறது, சறுக்கிய வேகத்தைப் படத்தின் மேலேயே காட்டலாம், கேமராவை மாட்டும் மவுண்ட்டும் துணைப்பொருளும் எங்கே போனாலும் கிடைக்கும். அதே ஆண்டு வந்த டிஜேஐ ஓஸ்மோ ஆக்ஷன் 5 புரோ 146 கிராம், மைனஸ் 20 டிகிரி வரை இயங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார், முன்னாலும் பின்னாலும் தொடுதிரை, காந்தத்தில் சட்டென்று ஒட்டும் மவுண்ட், உள்ளேயே 47 ஜிபி சேமிப்பு. மெமரி கார்டை விடுதி அறையிலேயே விட்டுவிட்டு மலை ஏறிய எவருக்கும் அந்த 47 ஜிபியின் அருமை தெரியும். இன்ஸ்டா360 கோ 3எஸ் வெறும் 39 கிராம், மாட்டியிருப்பதே தெரியாது, ஆனால் தனியாக ஓடினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ஓஸ்மோ ஆக்ஷன் 5 புரோ ஒன்று, கூடுதலாக இரண்டு பேட்டரி, மார்பில் மாட்டும் பட்டை. ஹீரோ 13 பிடித்திருந்தால் அதை வாங்குவதும் தவறில்லை. ஆளுக்கு ஒன்று வேண்டவே வேண்டாம், மிச்சக் காசில் ஒரு நாள் கூடுதலாக ஆசிரியரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு ஸ்னோபோர்டில் இது இரண்டாவது பருவம். போன வருடம் நண்பரின் கேமராவை மார்பில் மாட்டி எடுத்தேன், எல்லாமே மலையின் ஓரமும் வேலியுமாக வந்திருக்கிறது. ஹெல்மெட்டில் எங்கே மாட்டினால் நன்றாக வரும்? (ஈசூன் வாசகர்)

பதில்: தவறு உங்களுடையது இல்லை. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் இருப்பதால் உடம்பு பக்கவாட்டில் நிற்கிறது, தலை மட்டும்தான் போகும் திசைக்குத் திரும்புகிறது. மார்பில் இருக்கும் கேமரா உங்கள் நெஞ்சு பார்க்கும் பக்கத்தைத்தானே பார்க்கும், வேலி வராமல் என்ன வரும். ஸ்னோபோர்டுக்கு ஹெல்மெட்தான் சரி.

ஸ்கீக்கு இது தலைகீழ். ஸ்கீயில் உடம்பு நேராக முன்னால் பார்ப்பதால் மார்புப் பட்டை அருமையாக வேலை செய்யும், முழங்காலும் கையும் கோலும் படச் சட்டத்துக்குள் வரும், அதனால்தான் பார்ப்பவருக்கு வேகம் தெரிகிறது. ஒன்றே ஒன்று, சறுக்கும்போது இடுப்பை மடக்கிக் குனிந்திருப்பீர்கள், நேராக நின்று கேமராவைச் சரிபார்த்தால் மலையில் அது காலணியைத்தான் எடுக்கும். சறுக்கும் நிலையில் குனிந்து நின்றுகொண்டு, லென்ஸ் நன்றாக மேலே பார்க்கும்படி திருப்பி வையுங்கள்.

ஹெல்மெட்டில் மூன்று இடம். உச்சியில் வைத்தால் பார்வை உயரமாக, திறந்து கிடக்கும், ஆனால் மரக்கிளையும் லிஃப்டின் பாதுகாப்புக் கம்பியும் முதலில் தேடுவது அதைத்தான். பக்கவாட்டில் வைத்தால் படத்தில் கால்வாசியைக் காகிள்ஸ் பிடித்துக்கொள்ளும், ஹெல்மெட்டும் ஒரு பக்கம் சாய்ந்து இழுக்கும், மாலையில் கழுத்து வலிக்கும். நெற்றிக்கு நேர் மேலே, காகிள்ஸ் விளிம்புக்குச் சற்று உயரத்தில் வைப்பதுதான் என் தேர்வு. முகவாய்க்குக் கீழே மாட்டி எடுக்கும் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள், அதற்கு முகத்தை மூடும் ஹெல்மெட் வேண்டும், சாதாரணப் பனி ஹெல்மெட்டில் முகவாய்ப் பகுதியே கிடையாது. பல்லில் கடித்துக்கொள்ளும் மவுண்ட் ஒன்று விற்கிறார்கள். விழுந்தால் பல்லோடு போகும், வேண்டாம்.

உச்சி மவுண்ட்டை நான் விட்ட கதை இது. லிஃப்டில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் கம்பியைத் தலைக்கு மேலிருந்து இழுத்து இறக்கினார். டக்கென்று ஒரு சத்தம், தலை ஒரு பக்கம் திரும்பியது, என்னவென்று பார்ப்பதற்குள் கேமரா என் தோளில் பட்டு, ஸ்கீயில் பட்டு, கீழே போய்விட்டது. விழுந்த இடத்தில் பனியில் ஒரு சின்னத் துளைதான் தெரிந்தது. லிஃப்டை விட்டு இறங்கிச் சறுக்கி வந்து தேடுவதற்குள் பொழிந்துகொண்டிருந்த பனி அந்தத் துளையையும் மூடியிருந்தது. போனதில் கேமராவின் விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அதற்கு முந்திய இரண்டு நாளின் படம் முழுக்க அந்தக் கார்டில்தான் இருந்தது. அன்றிலிருந்து தினமும் இரவு படத்தை மடிக்கணினிக்கு மாற்றாமல் தூங்குவதில்லை, கேமராவிலிருந்து ஹெல்மெட்டின் பின்பக்கம் வரை குட்டைக் கயிறு கட்டாமல் லிஃப்டில் ஏறுவதும் இல்லை. கயிறு நீளமாக இருந்தால் பிய்ந்த கேமரா ஊஞ்சலாடி முகத்தில் அடிக்கும், குட்டையாகவே இருக்கட்டும்.

ஸ்டிக்கர் மவுண்ட்டை இங்கே, சிங்கப்பூர் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு போங்கள். மலையில் போய் ஒட்டினால் அந்தப் பசை குளிரில் விறைத்துப் பிடிப்பே இல்லாமல் இருக்கும். ஹெல்மெட்டின் வெளிப்பரப்பை ஆல்கஹால் துணியால் துடைத்து, காய விட்டு, வளைவான இடத்துக்கு வளைந்த அடித்தட்டை எடுத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திவிட்டு, ஒரு முழு நாள் தொடாமல் வையுங்கள். வாடகை ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, கடைக்காரர் விட மாட்டார். அதற்குக் காற்றுத் துளை வழியாகக் கோத்துக் கட்டும் பட்டை இருக்கிறது, காகிள்ஸ் பட்டையோடு சிக்காமல் கட்டுங்கள்.

கேள்வி: ஃபார்முலா 1 கார் பந்தய வீரர் ஷூமாக்கருக்குப் பனிச்சறுக்கில் தலையில் பலத்த காயம் பட்டது ஹெல்மெட் கேமராவால்தான் என்று என் மாமியார் சொல்கிறார். மகனுக்குக் கேமரா வாங்கித் தரவே பயமாக இருக்கிறது. உண்மையா? (பிடோக் வாசகி)

பதில்: 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல் மலையில், சீர்படுத்தாத பகுதியில் சறுக்கியபோது மைக்கேல் ஷூமாக்கர் விழுந்து பாறையில் தலை மோதியது. ஹெல்மெட்டில் கேமரா இருந்தது, அதில் பதிவான படத்தை விசாரணை அதிகாரிகள் பார்த்தார்கள். அந்தக் கேமராதான் காயத்தைக் கூட்டியது என்று நிறுவப்படவில்லை. ஆனால் மாமியார் கேட்கும் கேள்வி நியாயமான கேள்வி, அதைத் தள்ளிவிடாதீர்கள்.

பனி ஹெல்மெட்டுக்கு ஐரோப்பாவில் இஎன் 1077 என்றும் அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்2040 என்றும் தரம் இருக்கிறது, உட்புற ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள், வாங்கும்போது பாருங்கள். அந்தச் சோதனையெல்லாம் வெறும் ஹெல்மெட்டுக்கு, அதன்மேல் ஒரு கனமான பெட்டியை ஒட்டி வைத்துச் செய்வதில்லை. ஹெல்மெட் ஏன் உருண்டையாக, வழவழப்பாக இருக்கிறது என்று யோசியுங்கள். தரையில் பட்டால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அடி ஒரே புள்ளியில் இறங்கக் கூடாது, கழுத்து முறுக்கக் கூடாது. மிப்ஸ் என்று மஞ்சள் வட்டம் போட்ட ஹெல்மெட்டுகளில் உள்ளே ஒரு மெல்லிய அடுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகர்ந்து அந்த முறுக்கைக் குறைப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு மேடு நீட்டிக்கொண்டிருந்தால் அது பனியிலோ கிளையிலோ கொளுவும். அதனால் மவுண்ட் அடி பட்டால் பிய்ந்து வர வேண்டும். ஹெல்மெட்டில் துளை போட்டுத் திருகாணி முடுக்குவதைச் செய்யவே கூடாது, சிலர் செய்கிறார்கள், பார்க்கவே பதறுகிறது.

என் முடிவைக் கேட்டால், பழகிக்கொண்டிருப்பவர் தலையில் கேமரா வேண்டாம், ஏனென்றால் அவர் நாளுக்கு இருபது முறை விழுவார். மகன் ஸ்கீ பழகுகிறான் என்றால் மார்புப் பட்டை போதும், அதுவும் அவன் கேட்டால். பிள்ளைகளின் ஹெல்மெட்டில் 150 கிராம் என்பது பெரியவர் தலையில் 150 கிராம் மாதிரி இல்லை, அந்தச் சின்னக் கழுத்தை நினைத்துப் பாருங்கள். மரங்களுக்கு நடுவே சறுக்கும்போது எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் நான் ஹெல்மெட்டிலிருந்து கழற்றிவிடுவேன். அப்புறம், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும், பலமாக அடி பட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே நுரை நசுங்கியிருக்கும்.

கேள்வி: போன ஜனவரி கொரியாவில் 70 விழுக்காடு பேட்டரி காட்டிக்கொண்டிருந்த கேமரா லிஃப்டிலேயே அணைந்துவிட்டது. இங்கே கொண்டுவந்து கடையில் காட்டினால் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். புதுசு வாங்க வேண்டுமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: வேண்டாம், கடைக்காரர் சொன்னது உண்மை. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் மந்தமாகிவிடும், அயனிகள் நகர்வது குறையும், உள்தடை ஏறும். கேமரா படம் எடுக்கத் தொடங்கி மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், பேட்டரி காலி என்று நினைத்துக் கேமரா அணைந்துவிடும். உள்ளே மின்சாரம் அப்படியேதான் இருக்கிறது. கழற்றி உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டிப் பத்து நிமிடம் வைத்திருந்து மறுபடி போட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் திரும்பி வரும்.

கோப்ரோ வைத்திருப்பவர்கள் எண்டியூரோ என்று எழுதிய வெள்ளைப் பேட்டரியா என்று பார்த்து வாங்குங்கள், குளிருக்கென்றே செய்தது, ஹீரோ 11-லிருந்து பெட்டியிலேயே அதுதான் வருகிறது. ஹீரோ 9, 10 வைத்திருப்பவர்களும் அதைத் தனியாக வாங்கிப் போடலாம். ஹீரோ 13-ன் பேட்டரி வேறு வடிவம், பழையதில் சேராது. ஒரு நாளுக்கு மூன்று பேட்டரி என்று கணக்கு வைத்து, ஒன்று கேமராவில், இரண்டு உள்பையில் இருக்கட்டும். வைஃபையை அணைத்துவிடுங்கள், ஜிபிஎஸ் தேவையில்லை என்றால் அதையும். லிஃப்டில் போகும்போது கேமராவையே சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். காலையிலிருந்து மாலைவரை ஓட விடாமல், ஒரே பொத்தானில் உயிர் பெற்றுப் பதிவைத் தொடங்கும் வசதியை இயக்கிவிட்டு, ஒரு சறுக்கலுக்கு ஒரு துண்டு என்று எடுங்கள். பேட்டரியும் மிஞ்சும், இங்கே வந்து வெட்டித் தொகுக்கும்போது அழுகையும் வராது.

ஒரு எச்சரிக்கை. மலையிலிருந்து இறங்கிய உடனே சில்லிட்ட பேட்டரியை மின்னேற்றம் செய்யாதீர்கள். உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அறை வெப்பத்துக்கு வரட்டும், ஒரு தேநீர் குடித்துவிட்டு ஏற்றலாம்.

கேள்வி: பவர் பேங்க்கும் கூடுதல் பேட்டரியும் விமானத்தில் விடுவார்களா? (தேக்கா வாசகர்)

பதில்: விடுவார்கள், கைப்பையில் மட்டும். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. இந்தக் கேமராப் பேட்டரி ஒவ்வொன்றும் 7 வாட்-மணி அளவுதான், 100 வாட்-மணி வரம்புக்கு வெகு கீழே. ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் வையுங்கள், சாவியோடும் சில்லறையோடும் உரச விடாதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்சிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தக் கூடாது. கிளம்புவதற்கு முந்திய இரவே எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: அங்கிள், எனக்கு 14 வயது. தீபாவளிக்குக் கிடைத்த காசு 230 வெள்ளி இருக்கிறது. ஆன்லைனில் 4கே ஆக்ஷன் கேமரா 60 வெள்ளிக்கே கிடைக்கிறது, வாங்கலாமா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: தம்பி, அதை வாங்காதே. 60 வெள்ளிக் கேமராக்களில் பெட்டியில் 4கே என்று போட்டிருக்கும், உள்ளே குறைந்த அளவில் எடுத்து ஊதிப் பெரிதாக்கித் தருவதுதான் அதிகம். அதைவிடப் பெரிய குறை, ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி இருக்காது. பனியில் ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் கேமரா அதிரும், அந்தப் படத்தை இரண்டு நிமிடத்துக்கு மேல் யாராலும் பார்க்க முடியாது. உன் காசுக்கு இரண்டு நல்ல வழி இருக்கிறது. ஊரில் கேமரா வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் பல, ஒரு வாரத்துக்கு நல்ல கேமராவாகவே எடுக்கலாம், முன்பணம் கேட்பார்கள், அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போ. இல்லையென்றால் ஹீரோ 11, ஓஸ்மோ ஆக்ஷன் 4 மாதிரி ஓரிரு தலைமுறை பழையதைப் பயன்படுத்திய நிலையில் பார். ஓஸ்மோ ஆக்ஷன் 4 2023-ல் வந்தது, பனிக்கு இன்றைக்கும் தாராளமாகப் போதும். போவதற்கு முன்னால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிளில் மாட்டி ஒரு மணி நேரம் பழகு. அங்கேயே கையுறை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்திப் பார், யார் பார்த்தாலும் பரவாயில்லை.

கேள்வி: பழைய கேமரா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? கெட்டுப்போனால் திருப்பித் தர முடியுமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: முதலில் பேட்டரிக் கதவைத் திறந்து அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அதில் மணலோ வெடிப்போ இருந்தால் விட்டுவிடுங்கள், பனி உருகி உள்ளே போகும். பேட்டரி உப்பியிருக்கிறதா, வெளியே எடுக்கும்போது இறுகிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். லென்ஸை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் கீறல் தெரியும். விற்பவரின் கணக்கிலிருந்து கேமராவை நீக்கச் சொல்லி, உங்கள் கைப்பேசியில் இணைத்து, பத்து நிமிடம் 4கே ஓடவிட்டுப் பாருங்கள். வெயிலில் நின்று விலை பேசாமல், குளிர்சாதன உணவங்காடி ஒன்றில் உட்கார்ந்து இதையெல்லாம் நிதானமாகச் செய்யலாம், நியாயமான விற்பனையாளர் மறுக்க மாட்டார்.

திருப்புவது பற்றி: கடையில் வாங்கினால், பழைய பொருளானாலும், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் உங்களுக்குத் துணை. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. பழைய பொருள் என்றால் அதன் வயதையும் விலையையும் கணக்கில் எடுத்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் தனியாளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் வராது. புதிதாக வாங்குகிறவர்கள் 'எக்ஸ்போர்ட் செட்' (வேறு நாட்டுச் சந்தைக்கான பொருள்) என்று சொல்லி விலை குறைத்துத் தந்தால் உத்தரவாதம் சிங்கப்பூரில் செல்லுமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலாவது வாங்குங்கள். கடைசி நாளில் வாங்கிய கேமராவின் குறை மலையில்தான் தெரியும்.

கேள்வி: நான் எடுத்த படத்தில் பனி சாம்பல் நிறமாக, நிழலெல்லாம் நீலமாக இருக்கிறது. பயந்து நடுங்கி இறங்கிய சரிவு படத்தில் வீட்டுக்கூடத் தரை மாதிரி தட்டையாக இருக்கிறது. ஏன்? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும், திரை முழுக்க வெள்ளை என்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். கேமரா அமைப்பில் வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர், EV) அரைப் படி ஏற்றுங்கள். நல்ல வெயில் நாளில் அவ்வளவும் வேண்டாம், பனியின் மேற்பரப்பில் உள்ள கோடுகள் வெளிறிப்போகும். நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியிலிருந்து எடுத்து 5500 கெல்வினில் நிறுத்தினால் நீலம் அடங்கும், ஒரு துண்டுக்கும் மறு துண்டுக்கும் நிறம் மாறாமலும் இருக்கும்.

தட்டையாகத் தெரிவது அகலக் கோண லென்ஸின் வேலை. தூரத்தை எல்லாம் தள்ளிவைத்துச் சரிவை விழுங்கிவிடும். போதாததற்கு, தொடுவானத்தை நேராக்கும் வசதியும் கேமரா சாய்வதை மறைத்துவிடுகிறது. சரிவைக் காட்ட வேண்டுமென்றால் சட்டத்துக்குள் ஒரு ஆளைக் கொண்டுவாருங்கள். உங்களுக்குக் கீழே சறுக்கிப் போகிறவர் சின்னதாகிக்கொண்டே போகும்போது கண்ணுக்கு ஆழம் புரிந்துவிடும். பக்கத்து மரமும் உதவும், அது நேராக நிற்கிறது, தரை சாய்கிறது. 4கே, வினாடிக்கு 60 சட்டம் (ஃபிரேம்) என்று வைத்துக்கொள்ளுங்கள், விழுகிற இடத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பதிவு வேகம் வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, அதனால் வி30 என்று வேகக் குறியீடு எழுதிய 128 ஜிபி கார்டு ஒரு நாளைக்குப் போதும்.

முழுக் கோளக் கேமராவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டா360 எக்ஸ்5 மாதிரியானவை ஒரு குச்சி முனையில் இருந்து எல்லாப் பக்கமும் எடுக்கும், குச்சி படத்தில் மறைந்துவிடும், யாரோ பின்னால் பறந்து வந்து எடுத்த மாதிரி உங்களையே காட்டும். தனியாகப் போகிறவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் 200 கிராம், லென்ஸ் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், ஹெல்மெட்டில் வைக்க ஏற்றதில்லை. ஒரு கையில் குச்சியோடு சறுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: விடுதிக்குள் வந்ததும் லென்ஸ் உள்ளே பனிமூட்டம் பிடித்துவிடுகிறது. போவதற்கு முன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபெட்டியில் வைத்துச் சோதிக்கலாமா? (பொங்கோல் வாசகி)

பதில்: உறைபெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்த நொடியில் நம் ஊர் ஈரக்காற்று முழுக்க அதன்மேல் தண்ணீராக வழியும், மலையில் நடக்கும் கெடுதலைவிட அது அதிகம். மலையில் நடப்பதும் அதுதான், சில்லிட்ட கண்ணாடியில் வெப்பமான அறைக்காற்றின் ஈரம் படிகிறது. கதவைத் திறந்து உள்ளே போவதற்கு முன்பே, வெளியே நிற்கும்போதே, கேமராவை இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு மூடிவிடுங்கள், ஈரம் பைக்கு வெளியே படியும், அரை மணி கழித்துத் திறங்கள். பேட்டரிக் கதவை மலையில் பேட்டரி மாற்ற மட்டும் திறங்கள், பனி பொழியும்போது ஒருபோதும் கூடாது. லென்ஸில் பனி ஒட்டினால் ஊதாதீர்கள், உங்கள் மூச்சே உறைந்து படலமாகிவிடும். உலர்ந்த மென்துணி ஒன்றை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒற்றி எடுங்கள்.

கேள்வி: தம்பி, எனக்கு 66 வயது. மகன் குடும்பத்தோடு ஜப்பான் போகிறேன். நான் சறுக்கப் போவதில்லை, கீழே நின்று பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்க ஆசை. எனக்கும் இந்தக் கேமரா வேண்டுமா? (தோ பாயோ வாசகி)

பதில்: அம்மா, உங்களுக்கு வேண்டாம், கையில் இருக்கும் கைப்பேசியே நல்லது. ஆக்ஷன் கேமரா அகலமாக எடுப்பதால் தூரத்தில் வரும் பிள்ளை எறும்பாகத் தெரியும், கைப்பேசியில் நெருக்கிப் பிடிக்கலாம். கழுத்தில் மாட்டும் கயிறு ஒன்று வாங்கிக் கைப்பேசியைக் கோட்டுக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். விரல் நுனியில் தொடுதிரை வேலை செய்யும் மெல்லிய கையுறை போட்டு, அதன்மேல் தடித்த கையுறை. தொடக்கநிலைச் சரிவு முடியும் இடத்தில், வேலிக்கு வெளிப்பக்கம் நில்லுங்கள், பழகுகிற பெரியவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. பேரப்பிள்ளைகள் எந்த நிறக் கோட்டு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டும் காகிள்ஸும் போட்ட பிறகு எல்லாப் பிள்ளையும் ஒன்றாகத்தான் இருக்கும், முதல் நாள் நானே வேறு யாரோ ஒரு குழந்தையை ஐந்து நிமிடம் எடுத்திருக்கிறேன். அவர்கள் மேலே கிளம்பும்போதே பதிவைத் தொடங்குங்கள். வந்து நின்ற பிறகும் உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் ஓட விடுங்கள், காகிள்ஸைத் தூக்கிவிட்டு உங்களிடம் ஓடி வந்து ஏதோ சொல்வார்கள்.